இடது இடுப்பு வளையம்

பீங்கான் கம்பெனிகள் நிறைந்த எங்கள் செராமிக் எஸ்டேட்டில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் ஒரு கதை உலவுகிறது. ஏழாம் ஷெட்டில் ராணுவத்துக்காரர்கள் ஓர் இரும்பு மனிதனைச் செய்தார்களாம். அது ஒருநாள் வெறிபிடித்துச் சுவரை உடைத்துக்கொண்டு ஓடியதாம். மூன்று பேரைக் கொன்றதாம். பிணங்களைச் சூளையில் போட்டு எரித்துவிட்டார்களாம்.

போன மாதம் தொழிலாளர் மலருக்காக நித்யா என்ற பெண் போன் செய்தாள். டெஸ்டிங் பிரிவில் நான் இருந்த இடத்தில் இப்போது அவள்தான் இருக்கிறாள். "மேடம், நீங்க அந்த ஷெட்டுல இருந்தீங்களாமே. நிஜமா என்ன நடந்துச்சுன்னு எழுதித் தாங்களேன்" என்றாள்.

நிஜமாக நடந்தது இதுதான். யாரும் சாகவில்லை. ஷெட்டின் சுவர் இன்றும் முழுசாக நிற்கிறது. சூளையில் போனது பீங்கான் மட்டும்தான். ஆனால் கதையில் வருகிற மூன்று பிணங்களை விட எனக்குப் பாரமான ஒன்று அங்கே நடந்தது. அதற்குக் காரணம் அந்த மெஷின் என்று இத்தனை வருஷம் எஸ்டேட்டில் எல்லோரையும் நம்ப விட்டிருந்தேன். மற்றவர்களின் பெயரை மாற்றியிருக்கிறேன். என் பெயரை மாற்றவில்லை.

என் பெயர் ஆரோக்கியமேரி. விருத்தாசலத்திலேயே செராமிக் டிப்ளமோ படித்து, இன்சுலேட்டர் கம்பெனியில் சேர்ந்து, பதினாலு வருஷம் ஒரே மேசையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன். கரண்டு கம்பத்தில் பார்க்கிறீர்களே, அந்தப் பழுப்புப் பீங்கான்கள் சூளையிலிருந்து வந்ததும் ஒவ்வொன்றையும் மரச்சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல பீங்கான் 'ணங்' என்று சொல்லிவிட்டு அந்தச் சத்தத்தை இழுத்துக்கொண்டு போகும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் சத்தம் பாதியில் செத்துவிடும். கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரியும். அவ்வளவுதான் என் படிப்பு, என் தொழில்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷத்தில், பூட்டிக் கிடந்த ஏழாம் ஷெட்டை ராணுவ ஆராய்ச்சிக்காரர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். அவர்கள் செய்துகொண்டிருந்தது சிப்பாய் உடம்பின் மேல் மாட்டிக்கொள்ளும் ஒரு மெஷின். காலுக்கு, கைக்கு, முதுகுக்கு இரும்புச் சட்டம், முதுகில் ஒரு சின்ன என்ஜின், எல்லா மூட்டுக்கும் எண்ணெய்க் குழாய், நெஞ்சிலும் தொடையிலும் குண்டு துளைக்காத பீங்கான் தகடு. ஆள் காலைத் தூக்க ஆரம்பித்தால் போதும், மீதியை அது தூக்கும். என்ஜின் ஓடும்போது கரும்பு ஜூஸ் மெஷின் மாதிரி சத்தம் வரும். காகிதத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. நாங்கள் 'சட்டை' என்றுதான் சொல்வோம்.

தகடுகளும் மூட்டு வளையங்களும் எங்கள் சூளையில் வெந்தன. அதனால்தான் அவர்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். இடுப்பின் இரண்டு பக்கமும் ஒரு டவரா அகலத்தில் வெள்ளை வளையம் ஒன்று உட்காரும். சட்டையின் பாரத்தில் இரும்பு வளையம் சூடேறித் தேய்ந்துபோனது. பீங்கான் தாங்கியது. ஆனால் பீங்கானுக்கு ஒரு குணம் உண்டு. வளையாது, நெளியாது, முன்கூட்டிச் சொல்லாது. போனால் ஒரே போக்குதான். வளையம் போனால் காலின் சட்டத்துக்குக் கட்டுப்பாடே கிடையாது. உள்ளே இருக்கும் மனுசன் கால் எந்தப் பக்கம் மடங்கும், எந்தப் பக்கம் மடங்காது என்று அதற்குத் தெரியாது. எனவே தினமும் காலையில் வளையங்களைத் தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். கம்பெனி என்னை அனுப்பியது.

அங்கே பெரியவர் கோபிநாதன் சார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, முழுக்கைச் சட்டை. பெருக்குகிற அம்மாவைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். சட்டை நடக்கும் இடத்தைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். கோட்டைத் தாண்டும் முன் சார் செருப்பைக் கழற்றிவிடுவார். கேட்டால், "வெறுங்காலா இருந்தா தரை அதிர்றது தெரியும்" என்பார். முதல் நாள் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துச் சொன்னார்: "இது ஆளுக்குப் பலம் குடுக்கிற மெஷின் இல்லீங்க மேரி. பலம் இதுகிட்டதான் இருக்கு. ஆளு உள்ள இருந்து கூடவே போறாரு. அதை மட்டும் மறக்காதீங்க."

தினமும் என்ஜினைப் போடும் முன் எங்கள் ஆறு பேரிடமும் தனித்தனியாக வந்து மூன்று கேள்வி கேட்பார். "தூங்கினீங்களா? சாப்பிட்டீங்களா? ஏதாவது சந்தேகம் இருக்கா?" மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும் வரை முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். சிவப்புப் பொத்தான் அவர் கையில் இருக்கும். அதை அழுத்தினால் சட்டை இருந்த இடத்தில் அப்படியே இறுகி நின்றுவிடும். வேறு யாரிடமும் அதைக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

சட்டையைப் போட்டுக்கொண்டவர் ராஜவேலு. ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் கிராமம். பட்டாளத்தில் நாயக். முப்பது வயசுக்குள். வடக்கே எங்கேயோ பனியில் இருந்தவரைச் சொந்த ஊர் பக்கத்தில் வேலை என்று கூட்டி வந்திருந்தார்கள். அதில் அவருக்கு அத்தனை சந்தோஷம். வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்குப் போய் வருவார். செல்வி என்று மனைவி, கைக்குழந்தையாக ஒரு மகள். வரும்போது வேர்க்கடலை அவித்து எடுத்து வருவார். என்னை 'மேரியக்கா' என்பார்.

சட்டைக்குள் போக இருபது நிமிஷம் ஆகும். பன்னிரண்டு பூட்டு, கீழிருந்து மேலே. கடைசிப் பூட்டு நெஞ்சில் விழும்போது எங்களைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்பார். நாங்கள் சிரிப்போம். பத்தடிதான் போகப் போகிறார்.

அது செய்ததைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். மூன்று களிமண் மூட்டையை ஒரே தூக்காகத் தூக்கி முழங்கால் போட்டு எழுந்திருப்பார். சோதனைக்கென்று கட்டிய செங்கல் சுவரை ஒரு உதையில் சாய்ப்பார். அதே சட்டை, இரண்டாவது மாதம் ஒரு குளவி முகத்துக்கு நேரே வந்தபோது, அவர் சும்மா கையை வீசியதற்கு இரும்பு பீரோவை நசுக்கிவிட்டது. அந்த பீரோ பக்கத்தில் ஒரு நிமிஷம் முன்னால் நான் நின்றிருந்தேன். சட்டையைக் கழற்றிய பிறகு ராஜவேலு தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் மெதுவாத்தான்க்கா வீசினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

என் வேலை காலை எட்டு மணிக்கு. வளையத்தைக் கழற்றி, வெந்நீரில் எண்ணெய் போகக் கழுவி, துடைத்து, நூலில் தொங்கவிட்டு, மூன்று இடத்தில் தட்டுவேன். சுற்றிலும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். சந்தேகம் என்றால் வளையத்தைச் சிவப்புச் சாயத்தில் ஊறப்போட வேண்டும். விரிசல் இருந்தால் சாயம் இறங்கிக் கோடு காட்டும். அதற்கு ஒருநாள் போய்விடும். புது வளையம் பூட்டவும் இரண்டு மணி நேரம் ஆகும், எண்ணெய் முழுவதும் இறக்கி ஏற்ற வேண்டும்.

விபத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒருநாள் வலது வளையத்தின் சத்தம் எனக்குச் சரியாகப் படவில்லை. சொன்னேன். அன்று வேலை நின்றது. சாயத்தில் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை, சுத்தமான வளையம். டில்லியிலிருந்து வந்திருந்த இளவயது அதிகாரி ஒருவர் எல்லோர் முன்னாலும், "அம்மா காதுக்கு வயசாயிடுச்சு போல" என்றார். சிலர் சிரித்தார்கள். கோபிநாதன் சார் சிரிக்கவில்லை. "சந்தேகம் வந்தா சொல்றதுதான் அவங்க வேலை" என்றார். ஆனால் எனக்கு அந்தச் சிரிப்பு மட்டும்தான் வீடு வரை கூடவே வந்தது. பதினாலு வருஷத்தில் என் காதை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பிறகு அந்த நாள். டில்லியிலிருந்து பெரிய அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். சித்திரை வெயில். வரிசையாக நாற்காலி போட்டு, ஷெட் கொதிக்கிறது என்று காலையிலேயே கூரையின் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டிருந்தார்கள். நான் இடது வளையத்தை நூலில் தொங்கவிட்டுத் தட்டினேன். சத்தத்தின் வால் கொஞ்சம் குட்டையாக இருந்த மாதிரி தோன்றியது. மறுபடி தட்டினேன். ஃபேன் இரைச்சலில் புரியவில்லை. மூன்றாவது தடவையும் தட்டினேன்.

ஃபேனை நிறுத்தச் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை போதும். வாசலில் கார்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அந்த இளவயது அதிகாரி ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மறுபடி நிறுத்தி, மறுபடி ஒன்றுமில்லை என்றால்? இரைச்சல்தான், வேறொன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

அத்தனை பரபரப்பிலும் கோபிநாதன் சார் என்னிடம் வந்தார். "தூங்கினீங்களா?" "தூங்கினேன் சார்." "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு சார்." "ஏதாவது சந்தேகம் இருக்கா?"

முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்ல சார்" என்றேன்.

ராஜவேலு சட்டைக்குள் போனார். "போயிட்டு வரேன்" என்றார். நடந்தார், சுவரை உதைத்தார், அதிகாரிகள் கை தட்டினார்கள். பிறகு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு நாற்காலிகளை நோக்கி இடது பக்கமாகத் திரும்பினார். அப்போது கேட்டது, சமையலறையில் பீங்கான் தட்டு கீழே விழுந்து உடைவது போல ஒரு சின்னச் சத்தம். இடது கால் சட்டம் வெளிப்பக்கமாகச் சுழன்று பின்னால் போனது. அவர் கால் அதற்குள் இருந்தது. இடுப்புக்கு மேலே உடம்பு எங்களைப் பார்த்தபடி நின்றது. சார் உடனே பொத்தானை அழுத்திவிட்டார். ஒரு நொடிகூடத் தாமதமில்லை, நான் பார்த்தேன். சட்டை அப்படியே இறுகி நின்றது. முறுக்கிய துணி மாதிரி அவரை உள்ளே பிடித்துக்கொண்டு நின்றது.

ராஜவேலு கத்தவில்லை. சாதாரணக் குரலில், "சார், என் காலு எங்க இருக்குதுன்னு தெரியல சார்" என்றார்.

அவசரப்பட்டுப் பூட்டைத் திறந்தால் மிச்ச அழுத்தம் இன்னும் முறுக்கிவிடும். முதலில் எண்ணெயை இறக்க வேண்டும், பிறகு பன்னிரண்டு பூட்டும் வரிசையாக. ஒன்பது நிமிஷம் ஆயிற்று. அந்த ஒன்பது நிமிஷமும் கோபிநாதன் சார் அவர் முகத்தைத் தன் இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டு, "இதோ ஆச்சு ராஜவேலு, நாலு முடிஞ்சுது, அஞ்சு முடிஞ்சுது" என்று பூட்டுகளை எண்ணிச் சொல்லிக்கொண்டே இருந்தார். ராஜவேலு, "இன்னிக்கு வூட்டுக்கு வரேன்னு சொல்லியிருந்தேன் சார்" என்றார். ஆம்புலன்ஸ் போன பிறகும் சாரின் கைகள் அப்படியே ஏந்தினபடிதான் இருந்தன.

உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கிப் பையில் போட வேண்டியது என் பொறுப்பு. மண்டியிட்டுப் பொறுக்கினேன். புதிதாக உடைந்த பீங்கான் விளிம்பு சர்க்கரை மாதிரி வெள்ளையாக இருக்கும். பழைய விரிசல் என்றால் எண்ணெய் இறங்கிப் பழுப்பாக இருக்கும். ஒரு துண்டில் நகத்தளவுக்குப் பழுப்பு இருந்தது. அது அன்றைக்கு வந்த விரிசல் இல்லை. காலையில் தட்டும்போதே இருந்த விரிசல்.

நான் அந்தத் துண்டைப் பையில் போடவில்லை. என் கோட்டுப் பாக்கெட்டில் போட்டேன். சாயங்காலம் எஸ்டேட்டுக்குப் பின்னால், எல்லாக் கம்பெனிகளும் உடைசலைக் கொட்டுகிற மேட்டுக்குப் போனேன். கப்பு, சாஸர், இன்சுலேட்டர், பொம்மைத் தலை என்று மலையாகக் குவிந்து கிடக்கும் இடம். அங்கே எறிந்தேன். விழுந்த இடம்கூடத் தெரியவில்லை.

மறுநாள் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சவரம் செய்யாத முகம். "மேரி, உங்களை மட்டும்தான் நான் கேக்கணும். வளையம் சரியா இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சு சார்."

"சரிங்க" என்றார். மறு கேள்வி கேட்கவில்லை. என்னை அவர் அப்படி நம்பினார். வளையம் சரி என்றால் காரணம் என்று மிச்சம் என்ன இருக்கிறது என்பதை நான் அப்போது யோசித்துப் பார்க்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

ராஜவேலுவுக்கு முதுகுத்தண்டு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இரண்டு மாதத்தில் ஷெட்டைக் காலி செய்தார்கள். சட்டையைப் பிரித்துப் பெட்டியில் வைக்கோல் வைத்து லாரியில் ஏற்றினார்கள். கோபிநாதன் சாரை வேறெங்கோ மாற்றினார்கள். நான் பழைய மேசைக்குத் திரும்பினேன். அதன்பிறகு என் கையால் கழித்துப்போட்ட நல்ல இன்சுலேட்டர் எத்தனையோ. லேசான சந்தேகம் என்றாலும் கழித்துவிடுவேன். சூப்பர்வைசர் சத்தம் போடுவார். போடட்டும் என்றிருந்தேன். மாதா கோயிலில், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில், இரண்டு முறை சொன்னேன். சாமியார் மன்னிப்புக் கொடுத்தார். வெளியே வந்து படியிறங்கும்போதே அது மறுபடி என்மேல் ஏறிக்கொண்டது.

ஆறு வருஷம் போனது. எங்கள் பேக்கிங் பிரிவில் கல்யாணி என்று ஒருத்தி, ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துப் பெண். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "எங்க ஊருல ஒரு மிலிட்டரிக்காரரு வீல்சேர்ல இருக்காருங்க. நான் இங்க வேலை செய்யிறேன்னதும், மேரியக்கா நல்லா இருக்காங்களான்னு கேட்டாரு" என்றாள். நான் டப்பாவை மூடினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் ஏறினேன்.

ஓட்டு வீடு. படியை எடுத்துவிட்டுச் சரிவாக சிமெண்ட் பூசியிருந்தார்கள். உத்திரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கியது, பிடித்து எழுந்து உட்கார்வதற்கு. தோளும் கையும் முன்னைவிடப் பெரிதாக இருந்தன. போர்வைக்குள் கால்கள் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "செல்வி, யாரு வந்திருக்காங்க பாரு! மேரியக்கா! டீ போடு."

மகள் மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொருவரையாக விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, அந்தச் சட்ட இப்ப எங்க இருக்குது?" என்றார்.

"தெரியலப்பா. பெட்டியில போட்டுக் கொண்டு போயிட்டாங்க."

"அது நல்லா ஆயிருந்தா, இன்னொரு தடவ போட்டா நான் நடப்பேன்லக்கா? காலுக்கு உணர்ச்சி இல்லன்னாலும் அதுவே தூக்கி வெக்கும்ல? கக்கூசு வரைக்கும் நடந்தாப் போதும். செல்விக்கு இடுப்பு வலி வந்துடுச்சு, என்னைத் தூக்கித் தூக்கி."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஃபேன் இரைச்சலை, மூன்று முறை தட்டியதை, சாரின் கேள்வியை, பழுப்புத் துண்டை, மேட்டில் எறிந்ததை. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, அந்தக் கயிற்றைப் பார்த்துச் சொன்னேன். அவர் அடிப்பார், திட்டுவார், வெளியே போ என்பார் என்று நினைத்திருந்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

அவர் கயிற்றைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "அப்போ நான் காலத் தப்பா வெக்கலியா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ரிப்போர்ட்ல எழுதியிருந்துச்சுக்கா. பாரத்தோட திரும்பும்போது கால் வெச்சது தப்புன்னு. படிச்சுக் காட்டினாங்க. நானும் அப்பிடித்தான் நெனச்சேன். ஆபீசருங்கள பாத்துக்கிட்டே திரும்பினேன், கவனம் இல்லாம வெச்சுட்டேன், என்னாலதான் அத்தனை பேரு வேலையும் வீணாப் போச்சுன்னு..." பேச்சை நிறுத்திவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார். "செல்வி! இங்க வாயேன். நான் காலத் தப்பா வெக்கலியாம். மேரியக்கா சொல்றாங்க. சரியாத்தான் வெச்சிருக்கேன்."

செல்வி சமையல்கட்டு வாசலில்தான் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள்.

"எழுதித் தருவீங்களாக்கா?" என்று கேட்டார். மகளின் நோட்டை வாங்கி ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் வாங்கிப் படித்தார். பிறகு என்னிடம் கொடுத்து, "நீங்க ஒருதரம் படிங்க" என்றார். படித்தேன். "இன்னொரு தரம்" என்றார். படித்தேன். மகள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் அழுதார். என்னைப் பார்த்து அழவில்லை. அந்தத் தாள் பிறகு எந்த ஆபீசுக்குப் போனது, யாராவது படித்தார்களா, எனக்குத் தெரியாது.

கிளம்பும்போது செல்வி பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது.

"ஆறு வருசமா தெனம் சொல்லுவாரு, நான்தான் தப்பா வெச்சேன், நான்தான் தப்பா வெச்சேன்னு" என்றாள். "தூக்கத்துல கூட சொல்லுவாரு. காலு போனதக்கூட அவரு அவ்ளோ சொல்ல மாட்டாரு."

என் பக்கம் திரும்பினாள்.

"இங்கேருந்து உங்க ஊரு ஒரு பஸ்ஸு தூரம்தாங்க. இதச் சொல்ல ஆறு வருசமா ஆச்சு உங்களுக்கு?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொன்னார். ஏறி உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவள் ஏற்கெனவே திரும்பி வேகமாக நடந்துகொண்டிருந்தாள், ஒரு கையை இடுப்பில் ஊன்றியபடி.